உடையாத ஓடுதான் வலிக்கும்!

பள்ளி ஆண்டு விழாவில் பரதநாட்டியம், சினிமாப் பாட்டு டான்ஸ், மாறுவேடப் போட்டி எல்லாம் முடிந்து கூட்டம் லேசாகக் கலைய ஆரம்பிக்கும் நேரத்தில் ஓர் அறிவிப்பு வரும். ‘அடுத்ததாக, நமது பள்ளி கராத்தே மாணவர்களின் சாகச நிகழ்ச்சி!’ எழுந்தவர்கள்கூட மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக வந்து கையையும் காலையும் வீசுவார்கள். கடைசியில் மேடைக்கு இரண்டு ஹாலோ பிளாக் கற்கள் வரும். அவற்றின் மேல் ஓடுகளை அடுக்குவார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று மூச்சை இழுத்து, கண்ணை இறுக்கி மூடி, ஓங்கி ஓர் அடி. ஓடு பொலபொலவென்று விழும். அரங்கமே கைதட்டும். அப்பா எடுத்த வீடியோ அன்றிரவே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடும்.

அந்த வீடியோவைப் பார்க்கும் பாட்டி மட்டும் கேட்பார்: ‘எதுக்குடா பிள்ளைய ஓட்டை உடைக்க விடறீங்க? கை என்னத்துக்கு ஆகும்?’

‘உனக்கு ஒண்ணும் தெரியாது பாட்டி, சும்மா இரு’ என்று நாம் அடக்கிவிடுகிறோம். ஆனால் பாட்டி கேட்டதில் இரண்டு நியாயமான கேள்விகள் இருக்கின்றன. இதனால் என்ன பயன் என்பது ஒன்று. கைக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று. பிள்ளையை கராத்தே வகுப்பில் சேர்த்திருப்பவர்களும், ‘இந்த வயசுல நாமும் சேர்ந்தால் என்ன?’ என்று யோசிக்கும் பெண்களும் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பெயரிலேயே இருக்கிறது பதில்

பலகை, ஓடு, செங்கல் உடைப்பதற்கு ஜப்பானிய மொழியில் ‘தமேஷிவாரி’ என்று பெயர். ‘தமேஷி’ என்றால் சோதனை. ‘வாரி’ என்றால் பிளப்பது. சோதித்துப் பார்ப்பதற்காக உடைப்பது என்று பொருள். கொரியாவின் டேக்வாண்டோவிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே ‘கியோக்பா’ என்பார்கள். பிளாக் பெல்ட் தேர்விலும் அதற்கு இடமுண்டு.

ஆக, இது பாடம் அல்ல, பரீட்சை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வருடம் முழுக்கப் படித்ததைச் சோதிக்கத்தான் பரீட்சை. வருடம் முழுக்கப் பரீட்சை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் எப்போது படிப்பது?

கராத்தே உலகத்திலேயே இதைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. ஒகினாவா தீவில் பள்ளி ஆசிரியராக இருந்த கிச்சின் ஃபுனகோஷி, 1922-ல் டோக்கியோவுக்குச் சென்று கராத்தேயை ஜப்பான் முழுக்கப் பரவச் செய்தவர். பலகையும் ஓடும் உடைப்பதை கராத்தேயின் பெருமையாகக் கொண்டாடுவதில் அவருக்கு உடன்பாடு இல்லை. பயிற்சி எடுத்தால் யாரும் செய்யக்கூடிய காரியம், அதற்கும் கராத்தேயின் சாரத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி.

இன்னொரு பக்கம் மாஸ் ஒயாமா. கொரியாவில் பிறந்து ஜப்பானில் பெயர் வாங்கியவர். 1952-ல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி, பலகையும் கல்லும் உடைத்துக் காட்டித்தான் பலருக்கு கராத்தே என்ற சொல்லையே அறிமுகப்படுத்தினார். அவர் 1964-ல் நிறுவிய கியோகுஷின் அமைப்பின் போட்டிகளில், இருவர் சண்டை சமனில் முடிந்து, எடை வித்தியாசத்தை வைத்தும் முடிவு சொல்ல முடியாவிட்டால், யார் அதிகப் பலகை உடைத்தார் என்பதைப் பார்த்து வெற்றியைத் தீர்மானிக்கும் வழக்கம் வந்தது.

ஒருவர் ‘இது சாரமில்லை’ என்கிறார். இன்னொருவர் ‘இது இல்லாமல் சரிபார்ப்பது எப்படி’ என்கிறார். இரண்டு பேரும் பெரிய மாஸ்டர்கள். யார் சொல்வது சரி? அதற்கு முன், ஓடு ஏன் உடைகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

விண்வெளிக்குப் போன கராத்தே மாஸ்டர்

ரொனால்டு மெக்நேர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் 1950-ல் பிறந்த கறுப்பினத்தவர். ஒன்பது வயதில் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுக்கப் போனபோது, நிறத்தைக் காரணம் காட்டி அவருக்குப் புத்தகம் தர மறுத்தார்கள். சிறுவன் நகரவில்லை. போலீஸ் வரைக்கும் விஷயம் போனது. கடைசியில் புத்தகத்தோடுதான் வீடு திரும்பினான். இன்று அதே நூலகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தச் சிறுவன் வளர்ந்து, 1976-ல் எம்.ஐ.டி-யில் லேசர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1984-ல் நாசாவின் விண்வெளி வீரராக வானத்துக்குப் போனார். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியபோது உயிரிழந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். அவர் கராத்தேயில் ஐந்தாம் நிலை பிளாக் பெல்ட் என்பதும், வகுப்பு எடுத்த மாஸ்டர் என்பதும் பலருக்குத் தெரியாது.

மெக்நேர், எம்.ஐ.டி. பேராசிரியர் மைக்கேல் ஃபெல்டு, ஸ்டீபன் வில்க் ஆகிய மூவரும் சேர்ந்து, வெறும் கை எப்படிக் கான்கிரீட்டை உடைக்கிறது என்று அதிவேகப் படங்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். 1979 ஏப்ரல் மாத ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அவர்கள் கண்டது இதுதான். பயிற்சி பெற்றவரின் கை விநாடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. மணிக் கணக்கில் சொன்னால் 36 முதல் 50 கிலோமீட்டர், ஊருக்குள் ஓடும் பைக்கின் வேகம். அந்தக் கை 3,000 நியூட்டனுக்கு மேல் விசையைத் தருகிறது. ஏறக்குறைய 300 கிலோ எடையை ஒரு கணம் தூக்கி வைத்த மாதிரி.

அவர்கள் சோதித்த மரப்பலகையை உடைக்கச் சுமார் 6 மீட்டர் வேகமே போதுமானதாக இருந்தது. கான்கிரீட் பலகைக்குத்தான் பத்தரை மீட்டருக்கு மேல் தேவைப்பட்டது. அதாவது, புதிதாகச் சேர்ந்தவரும் பலகையை உடைக்கலாம். கான்கிரீட்டுக்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

கல் ஏன் தோற்கிறது?

‘கல்லைவிட எலும்பா உறுதி?’ என்று கேட்கத் தோன்றும். வீடு கட்டியவர்களுக்கு இந்த விடை சுலபமாகப் புரியும். கூரை கான்கிரீட் போடும்போது கம்பியை எங்கே வைக்கிறார்கள்? இரண்டு சுவர்களுக்கு நடுவே கீழ்ப்பக்கமாக. காரணம், கான்கிரீட் அமுக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. இரண்டு முனையிலும் தாங்கி நிற்கும் ஒரு பலகையை நடுவில் அடித்தால், மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டிலும் சுட்ட மண் ஓட்டிலும் விரிசல் அடிபட்ட இடத்தில் தொடங்குவதில்லை. அடியில் தொடங்கி மேலே ஏறுகிறது.

மரத்தின் கதை வேறு. விறகு பிளந்தவர்களைக் கேளுங்கள். நார் ஓடும் வாக்கில் கோடரி விழுந்தால் கட்டை ஒரே போடில் இரண்டாகும். குறுக்கே போட்டால் கோடரிதான் சிக்கிக்கொள்ளும். கராத்தே பலகையும் எப்போதும் நார்வாக்கில் பிளக்கும்படிதான் பிடிக்கப்படும்.

எலும்போ இழுப்பையும் அமுக்கத்தையும் தாங்கப் பிறந்தது. கான்கிரீட்டைவிடச் சுமார் 40 மடங்கு அழுத்தத்தை அது தாங்கும் என்பது அந்த மூவரின் கணக்கு. கை என்பது தனி எலும்பும் அல்ல. தோல், தசை, மூட்டு என்று அடியைப் பங்கு போட்டுக்கொள்ளப் பல பேர் இருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் வளர்ந்து முடிந்த எலும்புக்கு, சரியான இடத்தில், சரியான கோணத்தில் விழும் அடிக்கு மட்டும்தான். பிள்ளைகளின் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பாதியில் நிற்கும் கை

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கை எப்போது உச்ச வேகத்தில் இருக்கிறது? முழுசாக நீளும்போது அல்ல. முக்கால் பாகம் நீண்டிருக்கும்போது. அதற்கு மேல் கை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் எந்த மாஸ்டரும் ‘பலகையை அடி’ என்று சொல்ல மாட்டார். ‘பலகைக்கு அந்தப் பக்கம் அடி’ என்பார். இலக்கு பலகைக்கு ஒரு ஜாண் பின்னால் இருந்தால்தான், பலகையைத் தொடும்போது கை உச்ச வேகத்தில் இருக்கும். பலகையையே இலக்காக வைத்தால், தொடும்போது கை ஏற்கெனவே நிற்கத் தொடங்கியிருக்கும்.

நின்றால் என்ன ஆகும்? பலகை உடைந்தால் கை அதைத் தாண்டிப் போய் மெல்ல நிற்கிறது. வலி பெரிதாகத் தெரியாது. உடையாவிட்டால் பாய்ந்து வந்த கை சட்டென்று நிற்கிறது. கொடுத்ததெல்லாம் கைக்கே திரும்பி வருகிறது. முழு மனதோடு அடித்தவனுக்கு வலிப்பதில்லை. ‘வலிக்குமோ’ என்று பாதியில் கையை இழுத்துக்கொண்டவனுக்குத்தான் வலிக்கிறது. இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் புரியாது. ஒரே ஒரு பலகை ஒரு நொடியில் புரியவைத்துவிடும்.

ஃபுனகோஷிக்கும் ஒயாமாவுக்கும் நடுவே நமக்கான பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கராத்தே வகுப்பில் வருடக்கணக்கில் காற்றில் குத்துகிறார்கள். ஜோடி போட்டுப் பழகும்போது எதிராளியின் மேல் படாமல் கையை நிறுத்தப் பழகுகிறார்கள். நல்ல பழக்கம்தான், இல்லாவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். ஆனால் நிறுத்தி நிறுத்தியே பழகிய கைக்கு, நிறுத்தாமல் போகத் தெரியுமா? காற்று பதில் சொல்லாது. நண்பனிடம் சோதித்துப் பார்க்க முடியாது. பலகையிடம்தான் கேட்க வேண்டும். பலகைக்குத் தயவுதாட்சண்யம் கிடையாது. உன் அடி சரியா இல்லையா என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

‘ஸாரி’ சொல்லும் பெண்கள்

இந்தச் சோதனையால் அதிகம் பலன் பெறக்கூடியவர்கள் யார் என்று கேட்டால், என் பதில்: மேடையேறும் எட்டு வயதுப் பிள்ளைகள் அல்ல, அவர்களை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்கள்.

நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? ‘மெதுவா நட.’ ‘சத்தமா சிரிக்காதே.’ ‘ஆம்பளப் பிள்ளை மேல கைய நீட்டாதே.’ ஒரு பெண் முழு பலத்தோடு ஒரு பொருளை அடிக்கும் சந்தர்ப்பம் அவள் வாழ்க்கையில் எத்தனை முறை வருகிறது? மாவு இடிக்கிற உலக்கையும் துணி துவைக்கிற கல்லும்கூட வீட்டை விட்டுப் போய்விட்டன. முப்பத்தைந்து வயதில் தற்காப்பு வகுப்புக்கு வரும் பெண்ணிடம் திண்டைக் காட்டி ‘அடிங்கம்மா’ என்று சொன்னால், முதல் நாள் கை திண்டுக்கு நாலு அங்குலம் முன்னாலேயே நின்றுவிடும். கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டால், திண்டைப் பிடித்திருப்பவரிடம் ‘ஸாரி’ என்பார்கள். தசையில் பலம் இல்லாததால் அல்ல. முப்பது வருடம் நிறுத்தச் சொல்லிப் பழக்கிய கை அது.

அப்படிப்பட்டவருக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவான தடிமன் உள்ள ஒரு பலகை போதும். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடித்து அது இரண்டாகும்போது, அந்த முகத்தில் வரும் ஆச்சரியத்துக்கு விலை கிடையாது. வெளிநாடுகளில் பல தற்காப்புப் பயிற்சிகளில் கடைசி நாள் பலகை உடைப்பது ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டதற்கும் இதுதான் காரணம். தனக்குள் நிறுத்தும் கை ஒன்று இருக்கிறது, அதை நிறுத்தாமல் விடவும் தன்னால் முடியும் என்று தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை.

பலகை திருப்பி அடிக்காது

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். பலகை உடைத்ததால் தெருவில் ஒருவனைச் சமாளித்துவிடலாம் என்று யாராவது நம்பினால், அந்த நம்பிக்கை ஆபத்து. 1973-ல் வந்த ‘என்டர் தி டிராகன்’ படத்தில் வில்லனின் ஆள் புரூஸ் லீயின் முகத்துக்கு நேரே ஒரு பலகையை உடைத்துக் காட்டுவான். பலகை திருப்பி அடிக்காதே என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் அவனைத் துவைத்து எடுப்பார் லீ. சினிமாதான். ஆனால் சொன்னது உண்மை.

பலகை நகராது. கையைப் பிடிக்காது. பின்னாலிருந்து வராது. கத்தி வைத்திருக்காது. தூரத்தைக் கணிப்பது, ஆபத்தை முன்கூட்டியே உணர்வது, சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுவது, முடிந்தால் அந்த இடத்தை விட்டு ஓடுவது, இவை எதையும் பலகை கற்றுத்தராது. தற்காப்பில் முதல் பாடமே இவைதான். ஒலிம்பிக்கில் 2000-லிருந்து பதக்கப் போட்டியாக இருக்கும் டேக்வாண்டோவிலும் சரி, டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும் இடம்பெற்ற கராத்தேயிலும் சரி, உடைக்கும் போட்டி கிடையாது. எதிரில் நிற்கும் மனிதரைச் சமாளிப்பதும், நிலைகளைப் பிசகாமல் செய்து காட்டுவதும் வேறு திறமைகள். பலகை அதில் ஒரு சிறு பங்கைத்தான் சோதிக்கிறது.

பிள்ளைகளின் கை வேறு

இப்போது பாட்டியின் இரண்டாவது கேள்வி. பிள்ளைகளின் எலும்பு என்பது பெரியவர்களின் எலும்பைச் சின்னதாக்கிச் செய்தது அல்ல. வளரும் எலும்புகளின் முனைகளுக்கு அருகே ‘வளர்ச்சித் தட்டு’ என்ற மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். பொதுவாகப் பெண் பிள்ளைகளுக்கு 13 முதல் 15 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதிலும் அது இறுகி எலும்போடு எலும்பாக மூடிக்கொள்கிறது. அதுவரை, எலும்பில் மிகவும் பலவீனமான இடம் அதுதான். அங்கே பலமாக அடிபட்டால் அந்த எலும்பு சரியாக வளராமலோ கோணலாகவோ போகக்கூடும்.

எட்டு வயதுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன். கண்ணை மூடினால் அடி எங்கே விழும்? முஷ்டியில் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் கணுக்கள்தான் முன்கை எலும்போடு நேர்கோட்டில் நிற்பவை. அடி அங்கே விழ வேண்டும். சற்று விலகிச் சுண்டுவிரல் பக்கம் விழுந்தால், அதன் கீழே உள்ளங்கையில் இருக்கும் மெல்லிய எலும்பு முறிகிறது. கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்களுக்கு வரும் அதே முறிவு. பெரியவர்களுக்கே தவறும் இந்தக் குறி, பயந்து நிற்கும் பிள்ளைக்குச் சரியாக வரும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

‘கையை இறுக வைத்தால் சரியாகிவிடும்’ என்று தினமும் பிள்ளைகளைத் தரையில் முஷ்டியால் குத்தச் சொல்லும் இடங்களும் உண்டு. பழக்கிய எலும்பு உறுதியாகிறது என்பது உண்மைதான். 1892-லேயே ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப், எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று எழுதிவைத்தார். ஆனால் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற வேலை. ஒகினாவாவில் ‘மகிவாரா’ என்று வைக்கோல் கயிறு சுற்றிய கம்பத்தில் பழகுவார்கள். அந்தக் கம்பம் அடிக்கு வளைந்து கொடுக்கும். சிமென்ட் தரை வளைந்து கொடுக்காது.

தலையால் ஓடு உடைப்பது, எரியும் ஓட்டை உடைப்பது, வயிற்றின் மேல் கல்லை வைத்துச் சம்மட்டியால் அடிப்பது போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இவை எந்தப் பாடத்தின் பரீட்சையும் அல்ல. வேடிக்கை. உள்ளே மூளை குலுங்குவதைக் கைதட்டல் ஈடுகட்டாது.

அடுக்குகிறவர் கையில்தான் எல்லாம்

‘எங்க பையன் பத்து ஓடு உடைச்சான்’ என்று யாராவது சொன்னால், எப்படி அடுக்கினார்கள் என்று கேளுங்கள். ஓடுகளுக்கு இடையே சின்னக் குச்சிகள் வைத்து இடைவெளி விட்டிருந்தால், கை ஒவ்வோர் ஓடாகத்தான் உடைத்துக்கொண்டு போகிறது. மேலே உடைந்தது கீழே விழுந்து அடுத்ததை உடைக்கவும் உதவுகிறது. இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால், பத்தும் சேர்ந்து எதிர்க்கும். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் பத்து ஓடுதான். கைக்கு இரண்டும் வேறு வேறு.

தடிமனும் அப்படித்தான். அதே பொருள், அதே நீள அகலம், தடிமன் மட்டும் இரண்டு மடங்கானால், உடைக்க நான்கு மடங்கு விசை வேண்டும். தாங்கும் கற்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் சுலபம். நெருக்கி வைத்தால் கஷ்டம். இதனால்தான் நம் ஊர்ச் செங்கல் பொல்லாதது. நீளம் ஒன்பது அங்குலம், தடிமன் மூன்று அங்குலம். நீளமும் அகலமுமாக மெல்லிசாக இருக்கிற ஓட்டை உடைத்த தைரியத்தில், இந்தக் குட்டையான செங்கல்லில் கை வைத்தால் வம்புதான்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர் எளிதாக அடுக்குவதில் தவறில்லை. புதியவருக்கு எளிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. மேடையில் ஒரு பிள்ளையும் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக, முன்கூட்டியே கீறல் விட்ட ஓட்டையோ, மொறுமொறுவென்று காயவைத்த பலகையையோ வைத்துவிட்டு, அதைச் சொல்லாமல் மறைப்பது. பெற்றோருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தொட்டதும் உடைந்த ஓட்டை அந்தக் கை மறக்காது. ‘இப்படியும் ஜெயிக்கலாம்’ என்ற பாடத்தைக் கற்றுக்கொள்ள மாதாமாதம் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். மூன்று முறை அடித்தும் ஓடு உடையவில்லை. முன் வரிசையில் அம்மா, அப்பா, கையில் மொபைல். பின்னால் வகுப்புத் தோழர்களின் சிரிப்பு. கை வீங்கியது இரண்டு நாளில் வற்றிவிடும். மற்றது வற்ற எத்தனை நாளாகும்? பரீட்சை என்பது கற்றவனுக்கும் கற்றுக்கொடுத்தவருக்கும் நடுவே நடப்பது. அதற்கு ஒலிபெருக்கி வேண்டாம்.

மாஸ்டரிடம் என்ன கேட்பது?

பிள்ளையைச் சேர்க்கும் முன்பே, சேர்த்திருந்தால் அடுத்த பெல்ட் டெஸ்ட்டுக்கு முன்பே, சங்கோஜப்படாமல் சில கேள்விகள் கேளுங்கள். ‘எந்த வயதில் உடைக்க விடுவீர்கள்?’ வளர்ந்து முடியும் வரை திண்டிலும் கையுறையிலும் பழகினால் போதும் என்று சொல்லும் மாஸ்டர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள். ‘எதை உடைப்பார்கள்?’ சேர்த்துப் பொருத்தி மறுபடி மறுபடி உடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பலகைகள் இருக்கின்றன. அவற்றை நிறத்துக்கு ஏற்ப எளிது, கடினம் என்று பிரித்திருப்பார்கள். விளிம்பு சிதறிக் கையைக் கிழிக்கும் ஓட்டைவிட அவை எவ்வளவோ மேல். ‘உடைக்க முடியாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ இதுதான் முக்கியமான கேள்வி. ‘இன்னும் ஓங்கி அடிக்கச் சொல்வேன்’ என்பவர் வேறு. ‘நிறுத்திவிட்டு, கால் எங்கே நிற்கிறது, குறி எங்கே இருக்கிறது என்று பார்த்து, இன்னொரு நாள் செய்யச் சொல்வேன்’ என்பவர் வேறு.

‘இத்தனை நிமிடத்தில் இத்தனை ஓடு, உலக சாதனை, சர்டிஃபிகேட் உண்டு, கட்டணம் தனி’ என்று அழைப்பு வந்தால், பணத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு பணிவாக ‘வேண்டாம் மாஸ்டர்’ என்று சொல்லிவிடலாம். அந்தப் பணத்தில் நல்ல கையுறையே வாங்கிக் கொடுக்கலாம்.

அடித்த பிறகு கை வீங்கினாலோ, ஒரு விரல் மட்டும் கோணலாகத் தெரிந்தாலோ, மறுநாளும் முஷ்டி பிடிக்க முடியாவிட்டாலோ, எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வேலை வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வளர்ச்சித் தட்டில் பட்ட அடி வெளியே பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம்.

பெரியவர்களுக்கு என்ன சொல்வது? வகுப்பில் ஆறு மாதமாவது முறையாகப் பழகியிருந்தால், கையில் மூட்டு வலியோ எலும்புத் தேய்மானமோ இல்லாவிட்டால், மாஸ்டர் பக்கத்தில் நிற்க ஒரு பலகையை உடைத்துப் பாருங்கள். முஷ்டி வேண்டாம், உள்ளங்கையின் அடிப்பகுதி போதும். வீடியோ வேண்டாம். கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். பலகையைப் பார்க்காமல், அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஜாண் தள்ளி இருக்கும் இடத்தைப் பாருங்கள். கை அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். உடைந்தால் சந்தோஷம். உடையாவிட்டால், எந்த இடத்தில் கையை நிறுத்தினோம் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த வாரம் வகுப்புக்கு வரும்போது பழகுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

உடைந்த துண்டுகளை என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. சிலர் அதில் தேதி எழுதி அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை கேட்டால், ‘நீ பெரியவனானதும் உனக்கும் ஒண்ணு’ என்று சொல்லுங்கள். காத்திருப்பதும் கராத்தேதான்.